யொலாண்டாவிடம் முதலில் கேட்டாயே

மடவாஸ்கா, மேய்ன்
அக்டோபர் 19

அன்பு மகள் டெல்ஃபினுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இந்தப் பக்கம் நானும் வீடும் பூனையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், சான் அன்டோனியோவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டேன். உன் அப்பாவும் நலமாக இருக்கட்டும். அவர் மனைவியும் நலமாக இருக்கட்டும், அதையும் இப்போதே எழுதிவிடுகிறேன், பிறகு மனம் வருமோ என்னவோ. காலையில் உன் கைபேசிக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தேன், எதிலும் கையெழுத்துப் போடாதே, கடிதம் வருகிறது என்று. உடனே கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. கோபத்தில் இல்லை. பேச ஆரம்பித்தால் பாதியில் சண்டைக்குப் போய்விடுவேன், அல்லது அழுதுவிடுவேன், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிடுவேன், என்னை உனக்குத் தெரியும். விரைவு அஞ்சலில் போட்டால் மூன்றாம் நாள் உன் கையில் இருக்கும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். நீ கல்லூரிக்குப் பதில் எழுத வேண்டிய நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அதனால் பதறாமல் கடைசி வரை படி. இங்கே உருளைக்கிழங்கு அறுவடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்துவிட்டன, காலையில் காரின் கண்ணாடியில் பனியைச் சுரண்ட வேண்டியிருக்கிறது. நீ விட்டுப்போன நீலக் கம்பளிக் கோட்டை நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், தோளில் கொஞ்சம் பிடிக்கிறது, ஆனாலும் போடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிறு நீ கூப்பிட்டபோது நான் கல்லில் ப்ளாய் அப்பம் வார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரே மூச்சில் சொன்னாய், "அம்மா, நர்சிங் சேரப் போறேன், பிரசவம் பாக்கற நர்ஸ் ஆகணும். பயாலஜி பட்டம் கையில இருக்கறதால துரிதப் படிப்புல எடுத்துக்கறாங்க. பன்னிரண்டே மாசம், ஜனவரியில ஆரம்பம். அரசுப் பல்கலைக்கழகத்துலயும் இடம் கிடைச்சிருக்கு, ஆனா அது மே மாசம்தான் தொடங்குது, பதினாறு மாசம் வேற. அதை வேண்டாம்னு எழுதிடப் போறேன். யொலாண்டா எல்லாத்தையும் பாத்துட்டாங்க, நல்ல இடம்னு சொன்னாங்க." நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எதுவும் தீயவில்லை டெல்ஃபி. ப்ளாய் அழகாகக் கண் கண்ணாக வெந்து வந்திருந்தது. நான் அதை அப்படியே குப்பையில் தட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இருபத்தைந்து வருஷமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எத்தனை பேருக்குப் புண் கட்டியிருக்கிறேன், எத்தனை பேர் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி மூச்சு வரை உட்கார்ந்திருக்கிறேன். என் மகள் நர்ஸ் ஆகப் போகிறாள், அதற்கு எந்தக் கல்லூரி நல்லது என்று உன் அப்பாவின் இரண்டாவது மனைவியிடம் கேட்கிறாள். யொலாண்டா பதிவு நர்ஸ், பெரிய மருத்துவமனை, கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயருக்குப் பின்னால் எழுத்து எழுத்தாகப் பட்டங்கள். நான் உதவி நர்ஸ். போன வருஷம் படிப்பை முடித்துவிட்டு வந்த இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி எங்கள் இல்லத்தில் எனக்கு மேல் இருக்கிறாள். ஒரு பாட்டிக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று நான் எழுதினால், ஆமாம் வீங்கியிருக்கிறது என்று அவள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது வீக்கம். இதையெல்லாம் பழகிக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நீ அந்தப் பெயரைச் சொன்னவுடன் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி வந்தது. உன் பட்டமளிப்பு விழாவில் உன் தொப்பியை நேராக்கிவிட்டது அவள் கைதான், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நீ அவளை யோலா என்று கூப்பிடுகிறாய். நான் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

அன்று சாயங்காலமே கணினி முன்னால் உட்கார்ந்தேன். உனக்கு நல்லது செய்ய உட்கார்ந்தேன் என்று எழுதத்தான் ஆசை, அது உண்மை இல்லை. யொலாண்டா தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும், அதை நான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்காகவே உட்கார்ந்தேன். அந்தத் தனியார் கல்லூரியின் இணையப் பக்கத்தில் முதல் வரியிலேயே அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, நர்சிங் படிப்புக்கு என்று தனியாக இருக்கும் அங்கீகாரம் வேறு. இது எனக்கு எப்படித் தெரியும் என்று பிறகு சொல்கிறேன். அந்தப் பக்கம் முழுக்கத் தேடினேன், நர்சிங் படிப்பின் அங்கீகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் கல்லூரிக்கே போன் செய்தேன். சேர்க்கைப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள், குரலில் தேன் ஒழுகியது. பெயர் கேட்டாள். நான் டெல்ஃபின் மிஷோ என்று சொன்னேன், வயது இருபத்தேழு, பயாலஜி பட்டம், தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என்னை மன்னித்துவிடு, யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவள் ஏன் நர்ஸ் ஆக விரும்புகிறீர்கள் என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன், ஐந்து நிமிஷம் சொன்னேன். அது உன் பதில் இல்லை, என் பதில். அவள், "இந்த மாதிரி மனசு இருக்கறவங்கதான் எங்களுக்கு வேணும், உங்க வயசுல இவ்வளவு தெளிவா யாரும் பேசறதில்லை" என்றாள். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த இருபது நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன் டெல்ஃபி, உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு.

பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நர்சிங் படிப்புக்குத் தனி அங்கீகாரம் உண்டா என்றேன். "அது வந்துட்டே இருக்கு, விண்ணப்பம் போட்டாச்சு, நீங்க முடிக்கறதுக்குள்ள நிச்சயம் வந்துடும்" என்றாள். எழுத்தில் தருவீர்களா என்றேன், குரலில் தேன் குறைந்தது. பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, ஒப்பந்தம் ஆகிவிட்டதா என்றேன். "பேசிக்கிட்டிருக்கோம்" என்றாள். அடுத்து டெக்சாஸ் நர்சிங் வாரியத்துக்குப் போன் செய்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், வாரியத்தின் அனுமதி அவர்களுக்கு இருக்கிறது, அங்கே படித்தவர்கள் உரிமத் தேர்வு எழுதலாம், நர்ஸ் ஆகலாம், அதில் மோசடி ஒன்றும் இல்லை. கடைசியாக அங்கீகாரம் தரும் குழுவுக்கே போன் செய்தேன். அங்கே ஓர் ஆள் பொறுமையாக விளக்கினார். விண்ணப்பம் வந்திருக்கிறது, அவ்வளவுதான், இன்னும் யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை, கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார். கிடைப்பதற்கு முன்னால் படித்து முடித்தவர்கள் கதி என்ன என்று கேட்டேன். "அவங்க பட்டம் அங்கீகாரம் இல்லாத பட்டம்தான் அம்மா, பின்னாடி தேதி போட்டு நாங்க சேர்த்துக்க மாட்டோம்" என்றார். நீ பிரசவம் பார்க்கும் நர்ஸ் ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். அதற்கு மேற்படிப்பு வேண்டும். அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு போனால் மேற்படிப்பில் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். படைவீரர் மருத்துவமனைகளிலும் அந்தப் பட்டத்தை ஏற்பதில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட நிமிஷம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் சமையலறையில் நின்று சிரித்தேன். யொலாண்டாவுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது, பெயருக்குப் பின்னால் அவ்வளவு எழுத்து இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை. பதினொரு நாள் அதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். வேலையில் பெர்னிஸ் கூடக் கேட்டாள், "என்ன லூசில், முகம் இப்படி மினுக்குது, எவனாவது காதல் கடிதம் போட்டானா?" பல் வைத்தியரிடம் போய் வந்தேன் என்று புளுகினேன். உன்னிடம் எப்போது சொல்லலாம், அவள் பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் எப்படி இருக்கும், உன் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். நீ அந்தப் பதினொரு நாளில் ஏதாவது ஒரு நாள் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. அப்போது பயம் வரவில்லை. அதைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நேற்று மதியம் என்னால் அடக்க முடியவில்லை, யொலாண்டாவுக்கே போன் செய்தேன். பத்து வருஷத்தில் முதல் தடவை. ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், நீங்கள் பார்த்துச் சொன்ன கல்லூரிக்கு நர்சிங் அங்கீகாரம் இல்லை, தெரியுமா என்றேன். சமாளிப்பாள், நானா சொன்னேன் என்பாள் என்று காத்திருந்தேன். "ஐயோ, நான் பாக்கவே இல்லியே" என்றாள். "இணையப் பக்கத்துல அங்கீகாரம்னு போட்டிருந்துது, அதை நம்பிட்டேன். நான் படிச்ச காலத்துல இதையெல்லாம் பாக்க வேண்டி வரல, நல்ல இடத்துல சுலபமா கிடைச்சுது எனக்கு. எங்க போய்ப் பாக்கணும்னு சொல்லுங்க லூசில், பேனா எடுத்துக்கறேன்." நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள், இரண்டு இடத்தில் நிறுத்தித் திருப்பிக் கேட்டாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அப்புறம் சொன்னாள், "இதை நீங்களே அவகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்க கண்டுபிடிச்சதுன்னு அவளுக்குத் தெரியணும்." சரி என்று வைக்கப் போனேன். அப்போது அவள் மெதுவாக, "அவ ஏன் என்கிட்ட கேட்டாள்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது என்று வெடுக்கென்று சொன்னேன். "அம்மாகிட்ட நர்சிங் பேச்சை எடுக்கவே பயமா இருக்கு, நான் பொறந்ததாலதானே அவங்க படிப்பு போச்சுன்னு சொன்னா. சொல்லும்போது அழுதுட்டா. காய்ச்சல்னா உங்களைத்தான் கூப்பிடறா, சமையல்ல சந்தேகம்னா உங்களைத்தான் கூப்பிடறா. இது ஒண்ணுக்குத்தான் என்கிட்ட வந்தா, அதுவும் உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு."

ஆகையால் இந்தக் கடிதத்தில் முக்கியமான வரி இதுதான், இதை இரண்டு தடவை படி. என் படிப்பு போனது உன்னால் இல்லை. உனக்கு ஒன்றரை வயதில் காதுவலி வந்தது உண்மை, நீ அழுதது உண்மை, ஆனால் அதற்காக நான் ஒரு வகுப்பைக் கூட விட்டதில்லை, உன் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார், அந்தப் புண்ணியத்தை அவரிடமிருந்து பறிக்க மாட்டேன். நடந்தது வேறு. நானும் பெர்னிஸும் ஒரே நாளில் நல்ல கல்லூரிக்கு மனுப் போட்டோம். ஆமாம், இப்போது எங்கள் இல்லத்தில் எல்லா நர்சுகளுக்கும் தலைமையாக இருக்கும் அதே பெர்னிஸ்தான். அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்கு அடுத்த வருஷம் வா என்றார்கள். ஒரே ஒரு வருஷம். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் வெள்ளைச் சீருடை தைக்கக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் காட்டினாள், நான் அந்த வாரமே ஆற்றோரம் இருந்த சின்னக் கல்லூரியில் சேர்ந்தேன், உடனே எடுத்துக்கொண்டார்கள், எதையும் கேட்கவில்லை, நானும் எதையும் கேட்கவில்லை. இப்போது அங்கே டயர் கடை இருக்கிறது. இரண்டாம் வருஷம் வசந்த காலத்தில் ஆசிரியை ஒரு காகிதத்தோடு வகுப்புக்குள் வந்தாள். அங்கீகாரம் கிடைக்கவில்லை, மாநிலம் அனுமதியையும் எடுத்துவிட்டது, இந்த வகுப்போடு சரி என்று வாசித்தாள். நாங்கள் பத்தொன்பது பெண்கள். ஒருத்தி எழுந்து, "அப்ப நாங்க படிச்சது?" என்று கேட்டாள், ஆசிரியை காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நல்ல கல்லூரிக்கு நான் திரும்பப் போனபோது ஒரு பாடத்தைக் கூட எடுத்துக்கொள்ள மாட்டோம், முதலிலிருந்து வா என்றார்கள். பெர்னிஸ் அப்போது படித்து முடிக்கப் போகிறாள். அவளுக்குப் பின்னால் முதல் வருஷ வகுப்பில் போய் உட்கார மாட்டேன் என்று வீம்பு பிடித்தேன். அந்தப் பாதிப் படிப்பை வைத்து உதவி நர்ஸ் தேர்வு எழுதினேன். ஊரில் கேட்டவர்களிடம் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, விட்டுவிட்டேன் என்றேன். எல்லோரும் பாவம் என்றார்கள். நான் ஏமாந்தேன் என்று சொல்வதை விட அது கௌரவமாக இருந்தது. நீ வளர்ந்த பிறகும் மாற்றிச் சொல்லவில்லை. நீ அதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தாய் என்பது நேற்று வரை எனக்கு உறைக்கவில்லை. அம்மாவை மன்னிக்க முடிந்தால் மன்னித்துவிடு. இப்போது முடியாவிட்டால் மெதுவாக.

இனி நீ செய்ய வேண்டியது. அந்தப் பன்னிரண்டு மாதக் கல்லூரியை விட்டுவிடு. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு உடனே சம்மதம் எழுது, அவர்களுக்கு அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வரை நேரம் இருக்கிறது என்று நீயே சொன்னாய். அவர்கள் பெயர் அங்கீகாரக் குழுவின் பட்டியலில் இருக்கிறது, நான் பார்த்தேன், எதுவரை செல்லும் என்றும் பார்த்தேன், நீ முடித்த பிறகும் ஆறு வருஷம் இருக்கிறது. முதல் முயற்சியிலேயே உரிமத் தேர்வில் தேறியவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர், அதை வாரியமே வெளியிட்டிருக்கிறது. ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக எழுதாதே, யொலாண்டா சொன்னதை நம்பியதும் அப்படித்தானே. நீயே அந்தப் பட்டியலைத் திறந்து உன் கண்ணால் பார், பயிற்சி எந்த மருத்துவமனையில், ஒரு ஆசிரியைக்கு எத்தனை மாணவிகள் என்று கேள், பதிலை எழுத்தில் வாங்கு. பதினாறு மாதமும் வேலைக்குப் போக முடியாது என்கிறார்கள், அதையும் இப்போதே யோசித்துக்கொள். எட்டு மாதம் தள்ளிப் போகிறதே என்று உனக்கு ஆத்திரம் வரும், உன் சிநேகிதி யாராவது முன்னால் முடிப்பாள், அவள் படத்தைப் போடுவாள், உனக்கு எரியும். எரியட்டும். நீ என் மகள், எரியாமல் இருக்காது. அதற்காக எங்கேயும் போய்ச் சேராதே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் வேறொன்று எழுதினேன். அதில் இங்கே மேய்னில் இருக்கும் ஒரு துரிதப் படிப்பைப் பற்றி நான்கு பக்கம் புகழ்ந்திருந்தேன், அதற்கும் அங்கீகாரம் இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் உனக்கு அங்கேயே நல்ல இடம் கிடைத்திருப்பதைப் பற்றி ஒரு வரி கூட அதில் இல்லை. நீ வீட்டுக்கு வந்துவிடுவாய், யொலாண்டாவின் வீடு உனக்கு இருபது நிமிஷத் தூரத்தில் இருக்காது, அந்தக் கணக்கில் எழுதியது. கிழித்துப் போட்டுவிட்டேன். அங்கேயே இரு. பாடத்தில் சந்தேகம் வந்தால் யொலாண்டாவிடம் கேள், மருந்துக் கணக்கெல்லாம் அவள் என்னை விட நன்றாகச் சொல்லித் தருவாள். இந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குத் தெரியாது.

பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இப்போதும் இருக்கிறது. அவள் மேல் இருக்கிறது, பெர்னிஸ் மேல் இருக்கிறது, உன் மேலும் இருக்கிறது, நீ சீருடையோடு முதல் படம் அனுப்பும் நாளில் நான் சந்தோஷப்படுவேன், கொஞ்சம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தும் இருப்பேன், அப்போது என்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய். தொப்பி இல்லாமல் வெயிலில் அலையாதே. வேளைக்குச் சாப்பிடு. கார் சக்கரத்தில் காற்று பார்த்துக்கொள். உன் அப்பாவிடம் நான் அவரைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று எழுதியிருக்கிறேன் என்று சொல், எது என்று சொல்லாதே. கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும், அந்தக் கைகளில் எத்தனை குழந்தைகள் பிறக்கப் போகின்றனவோ அத்தனையும் சுகமாக அழுதுகொண்டு வரட்டும்.

மறக்காமல் இதையும் குறித்து வைத்துக்கொள். படிப்பு முடிந்ததும் நர்சுகளுக்கு மார்பில் சின்ன வில்லை குத்தும் விழா ஒன்று நடக்கும். யார் குத்த வேண்டும் என்று மாணவிதான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த வருஷத்துக்கும் அப்பால் இருக்கிறது, நீ இன்னும் சேரவே இல்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் வேறு யாரும் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிடுகிறேன். அதை நான்தான் குத்துவேன். யொலாண்டா முதல் வரிசையில் உட்காரட்டும், படம் எடுக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கட்டும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா
லூசில் மிஷோ